16-வது வாரம் முதலிடம், 17-வது வாரம் இரண்டாமிடம்

கேள்வி: பிரீமியர் லீக் டார்ட்ஸ் 2025 சீசனில் 16 இரவுகள் முடிந்தபோது லூக் லிட்லர் 45 புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றார். கோப்பையைத் தூக்கியதோ லூக் ஹம்ப்ரிஸ். அப்புறம் நாலு மாதம் ஊர் ஊராக நடந்த லீக் எதற்கு? வீட்டில் போர்டு மாட்டி நாங்களும்தான் அம்பு எறிகிறோம். அதிர்ஷ்டம் அடித்தவன் ஜெயிக்கிற மதுக்கடை விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

பதில்: கேள்வி ஒன்று, தீர்ப்பு ஒன்று என்று சேர்த்தே அனுப்பியிருக்கிறீர்கள். கேள்விக்கு முதலில் வருகிறேன்.

"லீக்" என்ற சொல்லைக் கால்பந்திலிருந்து தூக்கிவந்து இங்கே வைத்துப் பார்த்ததில்தான் கோளாறு. கால்பந்தில் பட்டியலின் முதலிடமே கோப்பை. டார்ட்ஸில் பட்டியல் ஒரு சல்லடை; எட்டுப் பேரில் நாலு பேரைக் கடைசி இரவுக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஒவ்வோர் இரவும் ஒரு தனிப் போட்டியாக நடக்கும் முறை 2022-ல் வந்தபிறகு நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு முதலிடம் ஜானி கிளேட்டன், கோப்பை மைக்கேல் வான் கெர்வன். 2023-ல் முதலிடம் கெர்வின் பிரைஸ், கோப்பை மறுபடியும் வான் கெர்வன். 2024-ல் மட்டும்தான் இரண்டும் ஒரே ஆளுக்கு, 17 வயது லிட்லருக்கு. 2025-ல் பழைய கதை. நாலு சீசனில் மூன்று முறை முதலிடத்துக்காரர் வெறுங்கையோடு போயிருக்கிறார். 2025-ல் மட்டும் அநியாயம் நடந்ததாக நீங்கள் கொதிப்பது கொஞ்சம் தாமதம்.

ஒரு வியாழக்கிழமை இரவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த 45-ன் எடை புரியும். எட்டுப் பேர், நாலு கால்இறுதி, இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி, எல்லாம் அதே இரவில். ஒவ்வோர் ஆட்டமும் 11 லெக் (501 புள்ளியைப் பூஜ்யமாக்கும் ஒரு சுற்றுதான் லெக்), முதலில் 6 எடுப்பவர் வெற்றி. இரவை வென்றவருக்கு 5 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 3, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் தலா 2, கால்இறுதியில் தோற்ற நால்வருக்கும் முட்டை. யார் யாரோடு கால்இறுதி ஆடுவது என்பது முன்கூட்டியே போட்ட அட்டவணை: ஏழு வாரத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரு முறை சந்தித்துவிடுவார்கள். 8-வது, 16-வது இரவுகளில் மட்டும் பட்டியலைப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். முதலாமவர் எட்டாமவரோடு, இரண்டாமவர் ஏழாமவரோடு, இப்படி.

இனி கூட்டிப் பாருங்கள். ஓர் இரவுக்கு மொத்தம் 12 புள்ளி, 16 இரவுக்கு 192, தலைக்குச் சராசரி 24. லிட்லர் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். ஆறு இரவுகளை வென்றதில் 30 வந்தது. மீதிப் பத்து இரவுகளில் 15. இந்தக் கணக்கில் ஒரு நெளிவும் உண்டு. கால்இறுதி வெற்றிக்கு 2 புள்ளி, அடுத்து அரையிறுதி வெற்றிக்குக் கூடுதலாக ஒன்றே ஒன்று. ஓர் இரவைக்கூட வெல்லாமல் 16 முறையும் அரையிறுதியில் தோற்றவர் 32 புள்ளி சேர்ப்பார். ஐந்து இரவுகளை வென்று, மீதி 11-லும் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டியவருக்கு 25-தான். பட்டியல் அளப்பது நிதானத்தை.

கடைசி இரவு அளப்பது வேறு. மே 29, லண்டன் ஓ2 அரங்கம். அரையிறுதி 19 லெக், இறுதி 21 லெக். இறுதியில் லிட்லரை ஹம்ப்ரிஸ் 11-8 என்று முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதே மேடையில் அதே இருவர் மோதியபோது லிட்லர் 11-7 என்று ஜெயித்தார், அதுவும் நடுவில் ஒன்பதே டார்ட்டில் ஒரு லெக்கை முடித்து. ஹம்ப்ரிஸை ஏதோ வழிப்போக்கன் போல நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் லிட்லரை 7-4 என்று வீழ்த்தியவர் அவர். அதே ஆண்டு வேர்ல்ட் மேட்ச்பிளே கோப்பையும் எடுத்தார்.

உங்கள் புகாரில் பிடித்துக்கொள்ள ஒரு முனை இருக்கிறது, அதை நீங்களே பிடிக்கவில்லை. முதலிடத்துக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, அரையிறுதியில் நாலாமவரைச் சந்திப்பது. ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்குத் தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே அதுவும் இல்லை. பணத்திலும் இல்லை. 2025-ல் மொத்தப் பரிசு 10 லட்சம் பவுண்டு. சாம்பியனுக்கு 2,75,000, இறுதியில் தோற்றவருக்கு 1,25,000, அரையிறுதியோடு நின்றவர்களுக்குத் தலா 85,000, ஐந்தாமிடத்திலிருந்து எட்டுவரை 75, 70, 65, 60 ஆயிரம், ஒவ்வோர் இரவின் வெற்றியாளருக்கும் 10,000. கூட்டினால் பத்து லட்சம் சரியாக முடிந்துவிடும். லீக் முதலிடத்துக்கென்று ஒரு பைசாகூட ஒதுக்கவில்லை. இந்தப் பணம் உலகத் தரவரிசையிலும் சேராது. எட்டில் நாலு பேர் தரவரிசைப்படி வருகிறார்கள், மீதி நாலு பேர் அழைக்கப்பட்டு வருகிறார்கள். சண்டை போடுவதென்றால் இதற்குப் போடுங்கள், நானும் வருகிறேன்.

இனி "அதிர்ஷ்டம்". வீச்சுக்கு மூன்று டார்ட்டாக 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட் டபுளிலோ (இரு மடங்கு தரும் வளையம்) நடுப்புள்ளியிலோ (அதுவும் டபுள் 25 கணக்குதான்) விழுந்து பூஜ்யமாக வேண்டும். டபுள் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர், எறியும் தூரம் 2.37 மீட்டர். கணக்கைத் தாண்டினாலோ 1 மிஞ்சினாலோ அந்த வீச்சு முழுக்க ரத்து. போர்டில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தால் பூஜ்யம்.

முதலில் எறிபவருக்கு எப்போதும் மூன்று டார்ட் முன்னிலை. அவர் 15 டார்ட்டில் முடித்தால் எதிராளி அதுவரை 12-தான் எறிந்திருப்பார். அதனால் தான் முதலில் எறியும் லெக்கைக் காப்பாற்றுவது கடமை, அடுத்தவர் முதலில் எறியும் லெக்கைப் பறிப்பதே சம்பாத்தியம். 11 லெக் ஆட்டத்தில் ஒரே ஒரு லெக்கைப் பறிகொடுத்தால் இரவே போய்விடலாம். 21 லெக்கில் மீள இடமுண்டு. ஆட்டம் நீள நீளத்தான் அதிர்ஷ்டத்தின் பங்கு சுருங்கும். நீங்கள் கொண்டாடும் வியாழக்கிழமைகளில்தான் அது அதிகம்.

ஓர் எறியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஆட்டக்காரரிடம் 186 மீதி, கையில் ஒரே டார்ட். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் டிரிபிள் 20 (மும்மடங்கு, அதாவது 60) என்று கத்துவார். டிரிபிள் விழுந்தால் 126, நல்லது. ஆனால் விலகி ஒற்றை 20 விழுந்தால் 166 மிஞ்சும். 166-ஐ மூன்று டார்ட்டில் முடிக்க வழியே கிடையாது. அதனால் அவர் டிரிபிள் 19 பக்கம் திரும்புவார். டிரிபிள் விழுந்தால் 129. தவறி ஒற்றை 19 விழுந்தாலும் 167: டிரிபிள் 20, டிரிபிள் 19, நடுப்புள்ளி என்று அடுத்த வீச்சிலேயே முடிக்கலாம். தவறினாலும் வழி அடையாத இடத்தைக் குறிவைப்பதுதான் இந்தத் தொழில். 170-க்குக் கீழே 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழும் இப்படி முட்டுச்சந்துகள். எறிந்துகொண்டிருக்கும்போதே, நொடிக்குள் இதைக் கணக்குப் போட்டாக வேண்டும்.

32-ல் நிற்க எல்லோரும் ஆசைப்படுவதும் இதனால்தான். டபுள் 16 தவறி உள்பக்கம் விழுந்தால் 16 மீதி, டபுள் 8. அதுவும் தவறினால் 8, பிறகு 4, பிறகு 2. கடைசிவரை இரட்டைப்படை. டபுள் 20-ல் தொடங்கினால் இரண்டு தவறில் 10, மூன்றாவதில் 5. ஒற்றைப்படை வந்துவிட்டதால் சரிசெய்ய ஒரு டார்ட் தண்டம். பத்தில் நாலு டபுள் விழுந்தால் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது நல்ல இரவு.

மதுக்கடையில் வளர்ந்த விளையாட்டு என்பதை நான் மறுக்கவில்லை. 20-ஐக் குறிவைத்து அதுவும் பக்கத்து 5-ம் 1-ம் விழுந்து 26 வந்தால், இங்கிலாந்தில் அதற்கு "படுக்கையும் காலைச் சாப்பாடும்" என்று பெயர். ஒரு காலத்தில் விடுதிக் கட்டணம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்.

கடைசியாக உங்கள் வீட்டு போர்டு. நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா? 2.37 மீட்டரைச் சுவரிலிருந்து அளந்தீர்களா, போர்டின் முகத்திலிருந்தா? பெரும்பாலோர் சுவரிலிருந்து அளந்து, போர்டின் தடிமன் அளவுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். நடுப்புள்ளியிலிருந்து கோட்டுக்குச் சாய்வாக நாடா பிடித்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டு 32-ஐ வைத்துக்கொண்டு டபுள் 16-க்கு முப்பது டார்ட் எறியுங்கள். எத்தனை விழுந்தது என்று எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம்.