நாக்கடி மாத்திரையும் இன்னொரு போதைதானா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு மையத்தில் 20 நாள் வைத்திருந்து கூட்டிவந்தோம். இரண்டே வாரத்தில் பழைய கதை. இப்போது மனநல மருத்துவர் நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரினார்ஃபின் மாத்திரையை ஒரு வருடமாவது எடுக்கச் சொல்கிறார். ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?

பதில்: இல்லை. 20 நாளில் உடம்பிலிருந்த மருந்து வெளியேறியிருக்கும், அதன் மீதான ஏக்கம் அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறுத்தியிருந்த நாட்களில் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்புக்குக் குறைந்துவிடும். வெளியே வந்து அதே அளவைப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

டேபென்டடால் மூளையில் பிடிக்கும் அதே இடத்தைப் பூப்ரினார்ஃபினும் பிடிக்கிறது, அதைவிட இறுக்கமாக. ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் போதை ஏறாது. விட்டதும் வரும் உடல்வலி, தூக்கமின்மை, ஏக்கம் அடங்கும், வேலைக்கும் போகலாம். மாத்திரையில் கூடச் சேர்த்திருக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து, கரைத்து ஊசி போடுவதைத் தடுக்கத்தான். நாக்கடியில் அது பெரும்பாலும் வேலை செய்யாது, ஊசியில் ஏற்றினால் வித்ட்ராயலை, அதாவது போதையை விட்டதும் வரும் அவதியைக் கொண்டுவந்துவிடும்.

பலருக்கும் கோளாறு முதல் நாளிலேயே நடக்கிறது. கடைசியாக வலி மாத்திரை போட்டு குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், மெதுவாகக் கரையும் வகை என்றால் இன்னும் கூடுதல். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, விரிந்த கண்மணி எல்லாம் தெரிய வேண்டும். அதற்கு முன்பே கொடுத்தால் உள்ளே இருக்கும் மருந்தை இது தள்ளிவிட்டு, ஒரே மூச்சில் வாந்தியும் பேதியுமாகக் கடும் வித்ட்ராயல் வரும். 'இந்த மாத்திரை ஒத்துக்கலை' என்று சிகிச்சையை விட்டவர்களில் பலர் இப்படி அவசரப்பட்டவர்களே.

வழக்கமாக முதலில் 2 முதல் 4 மி.கி. கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு தினம் 8 முதல் 16 மி.கி.யில் நிற்கும். அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். வாயை நீரால் நனைத்துக்கொண்டு மாத்திரையை நாக்கடியில் வைத்து, முழுக்கக் கரையும்வரை பேசாமல் இருக்கட்டும், 10 நிமிடம்கூட ஆகலாம். விழுங்கினால் கல்லீரலே அதைச் சிதைத்துவிடும், பலன் மிகக் குறைவு. கரைந்ததும் வாய் கொப்பளிக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கட்டும், இல்லாவிட்டால் பல் கெடும். மாத்திரையை வீட்டில் பெரியவர் ஒருவர் வைத்திருந்து தினமும் எடுத்துக்கொடுப்பது நல்லது. மதுவும் அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் கூடவே கூடாது, மூச்சை அடக்கிவிடும்.

நால்ட்ரெக்ஸோன் (தினம் 50 மி.கி.) என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு, அது வேறு வகை. போதை ஏறவிடாமல் தடுக்கும், ஏக்கத்துக்கு அவ்வளவாக உதவாது. 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் (டேபென்டடால், பூப்ரினார்ஃபின் போன்ற மருந்து வகை) தொடாதவருக்கே தொடங்கலாம், கல்லீரல் பரிசோதனையும் தேவை. தினமும் விழுங்குவதை நேரில் பார்க்க ஆள் இல்லாத வீட்டில் இது பெரும்பாலும் தோற்றுவிடும். சாப்பாட்டில் மறைத்துக் கலக்க வேண்டாம். அவன் ரகசியமாக வலி மாத்திரை போட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

கவுன்சிலிங் என்றால் அறிவுரை என்று நினைக்காதீர்கள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் ஒவ்வொரு சறுக்கலையும் பின்னோக்கிப் பிரித்துப் பார்ப்பார்கள்: சம்பள நாள், கையில் ரொக்கம், ஒரு குறிப்பிட்ட நண்பனின் போன், வீட்டில் சண்டை. சங்கிலியை எங்கே அறுக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். சம்பளத்தை அம்மா கணக்குக்கு மாற்றுவது, அந்த எண்ணை நீக்குவது போல. ஏக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும், அதைக் கடத்தப் பயிற்சி தருவார்கள். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தால் அன்றே சிறு பரிசு என்ற முறையும் உண்டு. மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்), கோகெய்ன் போன்ற போதைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லாததால், அங்கே இதுதான் முதன்மைச் சிகிச்சை.

ஊசி போட்டவர் என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆலோசனைக்கு 14446, மன உளைச்சலுக்கு 14416, இரண்டும் இலவசம். மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, தட்டியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.