வாடகை வருகிறது, ஷட்டர் திறக்கவில்லை

கேள்வி: ஐயா, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு காம்ப்ளக்ஸில் தட்டுவடை செட் கடை வைத்திருக்கிறேன். மாடி முழுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடை. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கூடுதல் வாடகைக்கு வந்தேன். நாலு மாதமாக ஷட்டரை இறக்கிவிட்டு வேறு இடத்தில் நடத்துகிறார்கள். மாடிப்படி லைட்கூட எரிவதில்லை. ஓனரோ, "எனக்கு வாடகை வருதேம்மா" என்கிறார். என் வாடகையைக் குறைக்கச் சொல்ல முடியுமா?

பதில்: கேட்டுப் பார்க்கலாம் அம்மா. ஆனால் உங்கள் அக்ரிமெண்டில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

மூடிய கடைக்கு ஏன் வாடகை கட்டுகிறார்கள்? பெரும்பாலும் லாக்-இன் காலம், அதாவது இடையில் விட்டுப்போகக் கூடாதென்று எழுதிய காலம், முடிந்திருக்காது. காலி செய்தாலும் மீதி மாத வாடகையைக் கட்டியாக வேண்டும். சிலர் போட்டிக் கடை வந்துவிடக் கூடாதென்றே சாவியைக் கையில் வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டின் பழைய 1960 வாடகைச் சட்டத்தில், தக்க காரணமில்லாமல் 4 மாதம் பூட்டிக் கிடந்தால் காலி செய்யச் சொல்ல ஓனருக்கு ஒரு வழி இருந்தது. 2019-ல் அந்தச் சட்டமே போய்விட்டது.

'கடையைத் தொடர்ந்து திறந்து வைக்க வேண்டும்' என்று ஜவுளிக்கடையின் அக்ரிமெண்டில் எழுதியிருந்தால்? அது ஓனருக்கும் அவர்களுக்கும் உள்ள பேச்சு. அப்படி எழுதினாலும் ஷட்டர் திறக்கும் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து வணிக வளாகம் ஒன்றில், 35 வருடக் குத்தகைக்கு வந்த சூப்பர் மார்க்கெட் 1995-ல் மூடப்பட்டது. அக்ரிமெண்டில் அந்த வரி தெளிவாகவே இருந்தது. ஆனாலும் 1997-ல் அன்றைக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, நஷ்டத்தில் ஓடும் கடையைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால் நான் எப்போதும் சொல்வது, பணக்கணக்கில் எழுதி வாங்குங்கள்.

புதுப்பிக்கும்போது இப்படிக் கேளுங்கள்: "மாடிக் கடை தொடர்ந்து 60 நாள் மூடிக் கிடந்தால், மறுபடி திறக்கும்வரை பாதி வாடகை, ஆறு மாதம் தாண்டினால் லாக்-இன் இல்லாமல் காலி செய்யலாம், அட்வான்ஸ் முழுதும் திரும்ப வர வேண்டும்." 11 மாத அக்ரிமெண்ட்தானே என்று விடாதீர்கள்; அதையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

இப்போதைக்கு, மூடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள தினசரி விற்பனை நோட்டை எடுத்துக்கொண்டு ஓனரிடம் உட்காருங்கள். இருட்டுப் படிக்கட்டு அவருக்கும் நஷ்டம்தான்; நாளைக்கு அங்கே யார் இந்த வாடகைக்கு வருவார்கள்? குறைப்பதாக ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. பாக்கி விழுந்தால், காலி செய்யச் சொல்ல அதுவே அவருக்குக் காரணமாகிவிடும்.