கடல்மட்டம் உயர்ந்தால் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகச் சுவர் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. கடல்மட்டம் உயர உயர அலை இன்னும் உள்ளே வரும். அதற்கு ஊர் எல்லை, மாநில எல்லை பார்க்காமல் ஒரு கரை முழுவதையும் ஒன்றாக வைத்துத் தயாராவதுதான் வட்டாரத் திட்டமிடல்.

ஏன் ஒன்றாக? கரையைக் காப்பது மணல், அது ஓரிடத்தில் நிற்பதில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், ஆனாலும் மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம். வாய்க்காலை நடுவில் அடைத்தால் கடைமடை காய்வதுபோல, மணலை மறித்தால் அடுத்த கரை தேயும்.

புதுச்சேரியில் நடந்தது இதுதான். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அவற்றுக்குத் தெற்கே மணல் குவிந்தது, நகரத்தின் மணற்கரை கரைந்தது. கருங்கல் கொட்டி நகரைக் காத்தார்கள். அரிப்போ வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் தந்திராயன்குப்பம் போன்ற மீனவ ஊர்களைப் பிடித்தது. அங்கே தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் அதற்கும் வடக்கே உள்ள குப்பத்துக்குச் சிக்கல். படகு ஏற்றவும் வலை காயப்போடவும் இடமில்லாமல் போவது மீனவருக்குப் பிழைப்பே போவது மாதிரி.

அப்புறம், வட்டாரத் திட்டமிடல் என்றால் குப்பங்களைக் காலி செய்யும் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: தேங்கிய மணலை எடுத்து மறுபக்கம் சேர்ப்பதும், புதுக் கட்டடங்களைக் கரையிலிருந்து தள்ளி வைப்பதும், இருக்கிற ஊர் அங்கேயே இருப்பதற்கான வேலைகள்தான்.