நான்கு முறை விழுந்த தாளுக்கு ஐந்தாவது முறை பணம் கட்ட வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு இருபத்தெட்டு வயது. பட்டணத்தில் ஒரு சிறிய கணக்கு நிறுவனத்தில் வேலை. ஏசிசிஏ என்ற கணக்காளர் தேர்வின் பதின்மூன்று தாள்களில் முதல் ஒன்பதை வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிட்டாள். கடைசி நான்கில் இரண்டும் முடிந்தாயிற்று. மேல்நிலை ஆடிட் தாள் மட்டும் நான்கு முறை கைவிட்டுவிட்டது. தேர்ச்சிக்கு 50 வேண்டும். அவள் வாங்கியது 43, 46, 41, 47. இப்போது ரிசல்ட் வருகிற வாரம் என்றாலே சாப்பாடு இறங்குவதில்லை, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள், நெஞ்சு படபடக்கிறதாம். "அவளுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லுங்கள், இன்னொரு முறை எழுதினால் பாஸாகிவிடுவாள்" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, பகலில் ஆபீஸ், இரவில் புத்தகம் என்று பதினொரு தாள்களைத் தாண்டியவளுக்குத் தைரியம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவளிடம் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. உங்களிடமும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும்தான் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் உடம்பு. தூக்கம் கெட்டு, படபடப்பு வந்தால் அது பரீட்சைப் பயம்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம்தான். டாக்டரிடம் இதய விஷயத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், மனப்பதற்றத்தையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தேவையானால் அவரே ஆலோசகரிடம் அனுப்புவார். வெளியில் தெரிந்துவிடும் என்று தயங்கினால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555 இருக்கிறது, போனிலேயே பேசலாம். "வாழவே பிடிக்கவில்லை" என்ற மாதிரி ஒரு பேச்சு அவள் வாயில் வந்தால் அடுத்த ரிசல்ட் வரை பொறுக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இனி அந்த 47. இந்தத் தாளில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஏசிசிஏ ஒவ்வொரு அமர்வுக்கும் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்தாலே தெரியும். உங்கள் மகள் எழுதிய நான்கு தடவையும் மார்ச், ஜூன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வேலையோடு அதைச் சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரி முடிவதற்குள் இஏ பாரம், மார்ச் 31க்குள் இ பாரம், ஏப்ரல் 30க்குள் பிஇ, ஜூன் 30க்குள் பி என்று வருமான வரிப் பாரங்கள் வரிசையாக வரும். டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனிகளின் நிதி அறிக்கைகளும் அதே ஜூனில் வந்து நிற்கும். சின்ன நிறுவனத்தில் இதையெல்லாம் மூன்று நான்கு பேர்தான் செய்கிறார்கள். ஆண்டிலேயே மிக மோசமான மாதங்களில் ஆகக் கடினமான தாளை எழுதிவிட்டு 47 வாங்கியிருக்கிறாள். டிசம்பரில் எழுதினால் 47, 50 ஆகலாம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தாள் அவளுக்கு எதற்கு? அது கட்டாயத் தாள் இல்லை. கடைசிக் கட்டத்தில் இரண்டுதான் கட்டாயம். மற்ற இரண்டை நான்கு தாள்களிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆடிட்டைத் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை, கோலாலம்பூரில் இருக்கும் பெரியப்பா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "ஆடிட் இல்லாவிட்டால் நாளைக்குச் சொந்த நிறுவனம் வைக்க முடியாது" என்றாராம். சொந்த ஆடிட் நிறுவனம் வைக்கும் ஆசை உங்கள் மகளுக்கு இருக்கிறதா? கடிதத்தின் ஆறு பக்கங்களில் அப்படி ஒரு வரியைக் காணோம். பெரியப்பாவின் மகள் பெரிய நாலு ஆடிட் கம்பெனிகளில் ஒன்றில் இருக்கிறாள் என்பது மட்டும் மூன்று இடத்தில் வருகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேர்வுக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் பவுண்டில் கட்டுவது. தாமதமாகப் பதிந்தால் கட்டணம் கூடும். அதன்மேல் டியூஷன். இதுவரை அவள் சம்பளத்தில் கட்டியிருக்கிறாள். ஐந்தாவது முறைக்கு அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். லோரி ஓட்டி ஓய்வை நெருங்கும் மனிதரின் காசு அது. அதைத் தேர்வில் போட்டால் தாளோடு சேர்த்து அப்பாவின் காசையும் அவள் சுமந்துகொண்டு போய் உட்கார வேண்டும். நடுராத்திரியில் எழுந்து உட்காருவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கடிதத்தின் நடுவில், குறை சொல்வதுபோல நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. "படிக்கிற நேரத்தில் கோயில் கமிட்டிக்கு மினிட் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஆர்ஓஎஸ் (சங்கப் பதிவிலாகா) வேலையெல்லாம் இவள் தலையில்தான்." கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று சண்டை வராமல் மினிட் எழுதுவதும், கூட்டம் முடிந்த அறுபது நாளுக்குள் ஆண்டறிக்கையை ஆர்ஓஎஸ்ஸிடம் சேர்ப்பதும், பழைய தலைவர் புதிய தலைவர் இருவரிடமும் கையெழுத்து வாங்குவதும் லேசுப்பட்ட காரியமா? நம் கோயில் கமிட்டிகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லாமல், காசும் வாங்காமல் அவள் இழுத்துப்போட்டுச் செய்வது இந்த வேலையைத்தான்.

இதே வேலைக்குச் சம்பளம் உண்டு. கம்பெனி செக்ரட்டரி. பேரைக் கேட்டதும் டைப் அடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2016 கம்பெனிகள் சட்டப்படி மலேசியாவில் எந்த சென்டிரியான் பெர்ஹாட்டும், அதாவது தனியார் கம்பெனியும், செக்ரட்டரி இல்லாமல் இருக்க முடியாது. கம்பெனி பதிவான முப்பது நாளுக்குள் ஒருவரை நியமிக்க வேண்டும். இருந்தவர் விலகினாலும் அந்த இடம் முப்பது நாளுக்குமேல் காலியாக இருக்கக் கூடாது. உங்கள் பட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் குத்தகையாளர், இரும்புச் சாமான் கடை, சாப்பாட்டுக் கடை என்று சென்டிரியான் பெர்ஹாட் ஆக்கிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் ஒரு செக்ரட்டரி வேண்டும்.

செய்வது என்ன? ஒவ்வொரு ஆண்டும் கம்பெனி பதிவான தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் ஆண்டு அறிக்கையை கம்பெனிகள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தாக்கல் செய்வது. டைரக்டர் மாறினால் பதினான்கு நாளுக்குள் தெரிவிப்பது. பங்கு கைமாறினால் பதிவேட்டைத் திருத்துவது. வங்கிக் கடனுக்குத் தீர்மானம் எழுதுவது. 2024 ஏப்ரலிலிருந்து, கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தையும் பதிந்து தெரிவிக்க வேண்டும். அதனால் வேலை கூடித்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒன்றையும் சொல்கிறேன். ஒரே ஆள் பங்குதாரர், அவரே ஒரே டைரக்டர், திடீரென்று இறந்துவிடுகிறார். லோரி நிற்கிறது, சம்பளம் போட ஆளில்லை, பிள்ளைகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்போது வாரிசுகளைக் கூட்டி புதிய டைரக்டரை நியமிக்க வைக்கும் கடமையைச் சட்டம் செக்ரட்டரியிடம்தான் கொடுத்திருக்கிறது. கோயில் கமிட்டியைச் சமாளித்தவளுக்கு இது புதிதாக இருக்காது.

இதற்குப் போக இரண்டு வழி. ஒன்று, கம்பெனி செக்ரட்டரிகளுக்கான மைக்சா போன்ற சங்கத்தின் உறுப்பினராவது. அதிலும் தேர்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் சட்டமும் நிர்வாகமும் அங்கே பெரும்பகுதி. ஏசிசிஏவில் முடித்த தாள்களுக்கு எதற்கெல்லாம் விலக்கு கிடைக்கும் என்று மைக்சாவிடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். இன்னொன்று, எஸ்எஸ்எம் நேரடியாகக் கொடுக்கும் செக்ரட்டரி லைசென்ஸ். நிபந்தனைகளை எஸ்எஸ்எம் தளத்தில் அவளே படித்துப் பார்க்கட்டும். நீங்களும் பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார வேண்டாம். எந்த வழியில் போனாலும் 2019 மார்ச்சிலிருந்து எஸ்எஸ்எம்மின் பிராக்டிசிங் (தொழில் நடத்தும்) சான்றிதழும் வேண்டும். அதுவரை ஈப்போவில் ஏதாவது செக்ரட்டரி நிறுவனத்தில் உதவியாளராகச் சேர வேண்டும். ஆரம்பச் சம்பளம் இப்போதையதைவிடக் கொஞ்சம் குறையலாம். தேதி தவறினால் அபராதம் விழும் வேலை இது, அந்த அளவு பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஆடிட் தாளில் என்ன கேட்பார்கள் என்று அப்படிக் குறிக்க முடியாது.

நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டத் தாள்களுக்கு ஏழு ஆண்டுக் கெடு உண்டு. அதற்குள் மொத்தமும் முடியாவிட்டால் பாஸான இரண்டும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். அவளுக்கு இன்னும் மூன்று ஆண்டு மிச்சம் இருக்கிறது. அதற்குள் அவளுக்கே ஆசை வந்தால், ஆடிட்டை விட்டு வேறு விருப்பத் தாளை எடுத்து டிசம்பரில் எழுதட்டும், மிச்சமுள்ள இன்னொன்றையும் முடிக்கட்டும். வராவிட்டால் அந்த இரண்டும் போகட்டும். முதல் ஒன்பது தாள்கள் போகாது. அவற்றோடு எத்திக்ஸ் மாட்யூலையும் முடித்திருந்தால் ஏசிசிஏவின் அட்வான்ஸ்ட் டிப்ளோமா அவளுக்கு உண்டு. அந்தச் சான்றிதழை வாங்கினாளா என்று கேளுங்கள். பலர் கடைசித் தாளையே பார்த்துக்கொண்டிருந்து, கையில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெரியப்பா "அப்போ கடைசி வரைக்கும் கிராணிதானா?" என்று, குமாஸ்தா வேலைதானா என்ற அர்த்தத்தில், கேட்பார். (ஒரு காலத்தில் தோட்டத்தில் கிராணி வீட்டுப் பிள்ளை என்றால் எப்படிப் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்!) அவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. கட்டணத்தை அவர் கட்டவில்லை, நடுராத்திரியில் எழுந்து உட்காருவதும் அவர் இல்லை.

இந்த மாதம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடுத்த அமர்வுக்கு ஆடிட் தாளைப் பதியாதீர்கள். ஆண்டுச் சந்தாவை மட்டும் விடாமல் கட்டச் சொல்லுங்கள், கட்டாவிட்டால் மாணவர் பதிவையே நீக்கிவிடுவார்கள். டாக்டரைப் பார்த்த பிறகு, இரண்டு வாரம் வீட்டில் யாரும் தேர்வைப் பற்றிப் பேசாமல் இருங்கள். அப்புறம் அவளாக விரும்பினால் என்னிடம் அனுப்புங்கள். வரும்போது மதிப்பெண் தாள் வேண்டாம், கோயில் மினிட் புத்தகத்தைக் கொண்டு வரட்டும்.