போர், புயல் மாதிரி ஆபத்து வந்தால் சாதாரண மக்களுக்கு அரசு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? நாமும் பயிற்சி எடுக்க முடியுமா?

2025 மே 7 அன்று நடந்த போர்க்கால ஒத்திகைச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் அது சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்தது. சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. போர் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு ஆபத்து என்றால் 2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும்தான்.

பயிற்சி உண்டு. நான் போலீசுக்குத் துணையாக வேலை செய்யும் ஊர்க்காவல் படையில் இருந்தவன். "திருவிழாவில் கயிறு பிடிக்கிறவங்கதானே" என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: ஆமாம், மண்டைக்காடு கொடைக்குக் கயிறும் பிடித்திருக்கிறேன். அதே படையில்தான் முதலுதவியும் கற்றுத் தந்தார்கள்.

ஒக்கி அடித்த நவம்பர் 30 அன்று குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்து விழுந்துகொண்டிருந்தன. கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. அடுத்த வீட்டு மாமாவின் ஓட்டுக்கூரை மேல் அயனிமரம் சாய்ந்து, கழுக்கோல் (கூரையைத் தாங்கும் மரம்) அவர் தொடையில் விழுந்துவிட்டது. 108-க்கு லைன் கிடைக்கவில்லை. கூடியவர்கள் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கப் போனார்கள். நான் கத்தி நிறுத்தினேன். தொடையெலும்பு முறிந்தவரை அப்படித் தூக்கினால் முறிந்த முனை உள்ளே இரத்தக்குழாயைக் கிழித்துவிடும். கூரையிலிருந்து உடைந்த மரப்பட்டிகளை இரண்டு பக்கமும் வைத்து, வேட்டியைக் கிழித்து நல்ல காலோடு சேர்த்துக் கட்டி, கதவைக் கழற்றி அதில் கிடத்தினோம். மரம் அறுக்கும் மெஷினோடு பையன்கள் முன்னால் வழி வெட்டிக்கொண்டே போக, மெயின் ரோடு வரை சுமந்தோம். மாமா வழி நெடுக "எனக்க வாழையெல்லாம் போச்சே மக்ளே" என்றுதான் புலம்பினார், காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் எத்தனையோ உண்டு. அவர்கள் முன்னால் இது ஒரு கதையே இல்லை. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள் எச்சரிக்கை வரும் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள்.

சரி, உங்களுக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள், தேடி மீட்பதும் முதலுதவியும் சொல்லித் தந்தார்கள். கலெக்டர் ஆபீஸில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் அடுத்த பேட்ச் உண்டா, எப்போது என்று கேளுங்கள். ஊர்க்காவல் படைக்கு எஸ்.பி. அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554. சசேத் என்ற ஆப் புயல், மழை எச்சரிக்கையைத் தமிழிலும் தரும். ஆனால் டவர் போனால் இதில் எதுவும் உதவாது. பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும், நாகர்கோவில் வானொலி கேட்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் முடியவில்லை. மாமாவைச் சுமந்து போன அந்த ரோட்டில் இப்போது மலைக்கல்லை ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் கேரளாவுக்குப் போகின்றன. குழியில் விழாமல் ஆம்புலன்ஸ் வர முடியாது. புயல் வந்து போனால் நாலு நாளில் சாலையைச் சரி செய்கிறார்கள், இதற்கு மட்டும் யாரும் வருவதில்லை. மனு கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.