முதல் பேறுகாலம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வீரவநல்லூரில் இருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது இரண்டாவது உண்டாகி ஐந்து மாதம். இதுவும் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மா ஏழு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். ஆட்டுரலையும் உலக்கையையும் விட்டதால் இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பில் வலு இல்லை என்று உறவினர்கள் அவள் காதுபடவே பேசுகிறார்கள். அவள் அழுகிறாள். உண்மை என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளின் உடம்பில் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2005-06இல் தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 20 அளவில்தான் சிசேரியன். 2015-16இல் அது 34.1 ஆனது, 2019-21இல் 44.9. பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு மாறிவிடாது. அந்த 2019-21 ஆய்வில் அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடும் தனியாரில் 63.8 விழுக்காடும் அறுவையில் முடிந்திருக்கின்றன. சுற்று வட்டாரத்துச் சிக்கலான பேறுகாலங்களெல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் போன்ற அரசு மருத்துவமனைகள்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இடைவெளிக்கு உலக்கையைக் காரணம் சொல்ல முடியாது. தாமதமாகும் கருத்தரிப்பு, உடல் எடை, கர்ப்பகாலச் சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் அவை ஒரு பகுதியைத்தான் விளக்கும்.

உங்கள் அம்மாவின் காலத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஏழு பெற்றுப் பிழைத்தவர்கள்தான் நம் நினைவில் பாட்டிகளாக இருக்கிறார்கள். முதல் பேற்றிலேயே போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. நம் பக்கத்துப் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களில் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களுக்காக நாட்டப்பட்டவை. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். 2018-20இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்தது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைக்கு வந்ததும், வேண்டிய நேரத்தில் அறுவை கிடைத்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். நஞ்சு (பிளசென்டா) கருப்பை வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும், குழந்தை குறுக்காகக் கிடக்கும்போதும், அதன் இதயத் துடிப்பு இறங்கும்போதும் அந்தக் கத்திதான் இரண்டு உயிரையும் காக்கிறது.

ஆனால் அது காக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நாட்டின் சிசேரியன் அளவு 10 விழுக்காடு வரை உயரும்போது தாய் சேய் இறப்பு குறைகிறது என்றும், அதற்கு மேல் உயர்வதால் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் தெளிவுபடுத்தியது. ஒவ்வொரு மருத்துவமனையும் எட்ட வேண்டிய இலக்காக அதை யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் 45 என்பது அதிலிருந்து வெகுதூரம், அதற்கு விலையும் இருக்கிறது. தாய்க்கு இரத்தப்போக்கு, தொற்று, இரத்தக்கட்டு ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. குழந்தையின் நுரையீரலில் இருக்கும் நீர் வடிவதற்குப் பிரசவ வலியும் உதவுகிறது; வலி வருமுன், அதுவும் 39 வாரம் நிறையாமல், எடுக்கப்படும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது அதிகம். நட்சத்திரம் பார்த்து 37ஆம் வாரத்திலோ 38ஆம் வாரத்திலோ நாள் குறிக்கும் குடும்பங்களிடம் இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின்மேல் ஒட்டி ஆழமாக வேர்விடும் அபாயமும் ஒவ்வொரு அறுவைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டோடு நிறுத்திவிடுகிறார்களே, பிறகென்ன என்று நம்மூரில் கேட்பார்கள். அந்த இரண்டாவது பேறு தழும்போடுதான் வருகிறது என்பதே என் பதில்.

இனி கொடி சுற்றலுக்கு வருகிறேன். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை என்று நம் ஆச்சிகள் சொன்னது இதைத்தான். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. ஸ்கேனில் கொடி தெரிவது மட்டும் அறுவைக்குக் காரணமாகாது; துடிப்பு குறைந்திருந்தால் அது வேறு. உங்கள் மகளுக்கு எது நடந்தது என்பது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும்.

மருத்துவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். முதல் பேற்றில் வலி பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் நீளும். ஒரே மருத்துவரும் இரண்டு செவிலியர்களும் உள்ள இடத்தில் இரவு முழுவதும் ஒரு பெண்ணின் அருகே யார் உட்கார்ந்திருப்பது? வாசலில் நிற்கும் நாமும் இரண்டு மணி நேரத்தில் பொறுமையிழந்து, எப்படியாவது எடுத்துவிடுங்கள் என்கிறோம். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறிவிட்டது. வலி நேரம் முழுவதும் நம்பிக்கையான ஒருவர் உடனிருந்தாலே அறுவை குறைகிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியானது. அத்தையோ அம்மாவோ அக்காவோ கைபிடித்து உட்கார இடம் தராத பிரசவ அறைகளை நாம் இன்னும் சகித்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். முதல் சிசேரியன் பெரும்பாலும் அடுத்ததையும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே நம் கவனமெல்லாம் முதல் பேறுகாலத்தில்தான் குவிய வேண்டும்.

உங்கள் மகளுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. ஒரே ஒரு முறை, கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டப்பட்டிருந்து, வேறு சிக்கலும் இல்லாமல் முயன்று பார்க்கும் பெண்களில் பத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெறுகிறார்கள். வலியின்போது தழும்பு பிரியும் அபாயம் 1,000 பேரில் 5 பேர் அளவில் உண்டு. அது நேர்ந்தால் நிமிடக் கணக்கில் அறுவை செய்தாக வேண்டும். அறுவை அரங்கும், மயக்க மருத்துவரும், இரத்தமும் இரவு பகலாகத் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே முயல வேண்டும். மயக்க மருத்துவரை வெளியிலிருந்து வரவழைக்கும் சிறிய மருத்துவமனை எங்களால் முடியாது என்றால், அது நேர்மையான பதில்.

ஆகவே இந்த மாதமே பழைய மருத்துவமனையில் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வயிற்றின் மேலே தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது; ஏட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. அதோடு ஒரு பெரிய மருத்துவமனையில் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். அங்கும் ஆபரேஷன்தான் பாதுகாப்பு என்று காரணத்தோடு சொன்னால், 39 வாரம் நிறைந்த பிறகு நாள் குறிக்கச் சொல்லுங்கள். எப்படிப் பெற்றாலும் அவர் பெற்றவர்தான். மறுபடி யாராவது உலக்கையைப் பற்றிப் பேசினால், இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்.