அந்தப் பதினெட்டாயிரத்தை என்ன செய்வது?

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஆப்கானிஸ்தானில் 229 மிஷனரிகளுக்கு நாளை மதியம் மரண தண்டனையாம், ஜெபியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று. உபவாச ஜெபம் வைத்தோம், அழுதோம், சிறையில் இருக்கும் விசுவாசிகளுக்கென்று 18,000 ரூபாயும் சேர்ந்துவிட்டது. இப்போது சபையில் ஒரு தம்பி அது பொய்ச் செய்தி என்கிறான். என் கணவரோ, "எங்கேயோ ஜெயில்ல இருக்கிறவனுக்கு நீ இங்கேயிருந்து என்ன கிழிக்கப்போற?" என்கிறார். சங்கத்தில் முகம் காட்டவே கூச்சமாக இருக்கிறது. பணத்தை என்ன செய்வது? நிஜமாகவே எங்களால் ஏதாவது முடியுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, அந்தத் தம்பி சொன்னது சரிதான். இந்தச் செய்தி 2009-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, எண்ணிக்கை ஒருமுறை 22 என்று வரும், இன்னொருமுறை 229 ஆகிவிடும், 2021-ல் தாலிபான் காபூலைப் பிடித்தபோதுகூட தூசி தட்டி எடுத்து மறுபடி பறக்கவிட்டார்கள். அதில் ஒருத்தர் பெயராவது இருந்ததா பாருங்கள். ஊர் பெயர்? தேதி? "நாளை மதியம்" மட்டும்தான், அந்த நாளைக்கு வயது பதினைந்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏமாந்ததற்காக வெட்கப்படாதீர்கள், என்னிடமும் வந்தது, முதல் தடவை நானும் நாலு பேருக்கு அனுப்பித் தொலைத்தேன்.

அப்புறம், உங்கள் ஜெபம் வீணாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஆளை மாற்றினால் போதும்.

உங்கள் ஊர்ப்பக்கம் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்தத் தகரத்தில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவில் மை செர்வா என்ற ராணுவ முகாமில் அந்த மாதிரி இரும்புக் கன்டெய்னருக்குள்தான் ஹெலன் பெர்ஹானே என்ற பாடகியைப் பூட்டி வைத்தார்கள். கிறிஸ்தவப் பாடல் கேசட் ஒன்றை வெளியிட்டவர், 2004-ல் பிடித்தார்கள். பகலில் அடுப்பு மாதிரி கொதிக்கும், ராத்திரி அப்படியே நேர்மாறு, ஏனென்றால் பக்கத்திலுள்ள தலைநகர் அஸ்மாரா கொடைக்கானலைவிட உயரத்தில் இருக்கிற ஊர். இனி இந்த வேலையெல்லாம் செய்ய மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ என்றார்கள். போடவில்லை. 2006 கடைசியில் வெளியே விட்டபோது, அடிபட்டு அடிபட்டு நடக்கவே முடியாத நிலை. அப்புறம் மகளோடு டென்மார்க்கில் அடைக்கலம் கிடைத்தது.

எரித்திரியாவில் 2002 மே மாதம் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளையும் சுன்னி இஸ்லாமையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அரசு மூடச் சொல்லிவிட்டது. அனுமதி பெற்ற சபையில் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைமைப் பேராயர் அபூனே அந்தோனியோஸ், சபைக்குள் அரசு மூக்கை நுழைக்கிறது என்று எதிர்த்தவர், அவரையே பதவியிலிருந்து இறக்கி வீட்டுக்காவலில் வைத்தார்கள், 2022 பிப்ரவரியில் 94 வயதில் காவலிலேயே இறந்தார். போதகர்கள் ஹைலே நைஸ்கி, கிஃப்லு கெப்ரமெஸ்கெல் இரண்டு பேரையும் 2004 மே 23 அன்று கொண்டுபோனார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. 2024-ல் இருபது வருஷம் நிறைந்தபோதும் உள்ளேதான் இருந்தார்கள்.

பாருங்கள், இதற்குப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, ஆனால் "நாளை மதியம்" என்ற அவசரம் இல்லை. அதனால்தானோ என்னவோ இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சரி, என்ன செய்யலாம். உலகத்திலுள்ள எல்லாக் கைதிகளுக்காகவும் ஒரே மூச்சில் ஜெபித்து முடிக்காமல், இந்த இரண்டு பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், வருஷக்கணக்கில் சொல்லுங்கள். எரித்திரியச் சிறைக்குள் உங்கள் கடிதம் போகாது. ஆனால் டெல்லியில் அவர்களுக்குத் தூதரகம் இருக்கிறது, அங்கே எழுதலாம். "மதிப்பிற்குரிய தூதர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, இன்னார் இந்தத் தேதியிலிருந்து விசாரணையின்றி இருக்கிறார், அவரை விடுவிக்கவோ நீதிமன்றத்தில் நிறுத்தவோ வேண்டுகிறோம், அரைப் பக்கம் போதும். ஒருத்தர் இங்கிலீஷில் எழுதித் தந்தால் மற்றவர்கள் பார்த்து எழுதிவிடலாம். திட்டக் கூடாது, சாபம் விடக் கூடாது, வசனத்தால் குத்தவும் கூடாது.

கடிதம் உள்ளே போய்ச் சேருகிற நாடுகளும் உண்டு. அங்கே இருக்கும் கைதிக்கு எழுதினால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் முதலில் பிரித்துப் படிப்பது ஜெயில் அதிகாரி. அரசியல் வேண்டாம், சபையின் லெட்டர்ஹெட் வேண்டாம், பணம் வைக்க வேண்டாம். எங்கள் ஊரில் மழை, குழந்தைகளுக்குப் பரீட்சை, உங்களை நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று வைத்தால் நல்லது. வெளியில் யாருக்கும் தெரியாத கைதி என்றால், குடும்பம் சரி என்று சொல்லாமல் பெயரையோ படத்தையோ நீங்களாக ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கிறவர்தான் அடி வாங்குவார்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதும் தப்பில்லை. கடிதம் எழுதினால் கதவு திறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே எரித்திரியாவில் 1994-ல் பிடிபட்ட, யெகோவா சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பேர் 26 வருஷம் கழித்து 2020 டிசம்பரில் வெளியே வந்தார்கள், எதனால் என்று யாரால் சொல்ல முடியும்? (அவர்கள் நம் சபை இல்லையே என்று சங்கத்தில் யாராவது இழுத்தால், கன்டெய்னருக்குள் உபதேச வித்தியாசம் பார்த்தா வெயில் அடிக்கிறது என்று கேளுங்கள்.) ஆனால் கைதிக்கு வேண்டியது விடுதலை மட்டும் இல்லை. பவுல் ரோமாபுரிச் சிறையிலிருந்து தீமோத்தேயுவிடம் கேட்டது என்ன? துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், குளிர்காலத்துக்கு முன்னால் நீ வந்துவிடு. அவ்வளவு சாதாரணமான தேவை. அதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி பணம். முதலில் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, செய்தி பொய், பணம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், திருப்பிக் கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் கொடுங்கள். சங்கப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் சட்டச் சிக்கல் நிறைய, ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள், "நான் சேர்த்துவிடுகிறேன்" என்று வருகிற ஊழியக்காரர் கையிலும் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் நம் நாட்டிலேயே செலவழிக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் 2021 மதமாற்றத் தடைச் சட்டத்தில் கைதாகி, ஜாமீனுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சம்பாதிக்கிற ஆள் உள்ளே, வக்கீல் ஃபீஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஜெயிலுக்குப் போய்வர பஸ் செலவு. 18,000 அங்கே நிஜமாகவே செல்லும். உங்கள் திருமண்டல அலுவலகம் மூலம், நம்பகமான ஒரு சட்ட உதவிக் குழுவை விசாரித்து, ரசீது வாங்கிக் கொடுங்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது தூதரகத்துக்கான முதல் கடிதத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். டெல்லிக்குத்தானே, உள்நாட்டு ஸ்டாம்பே போதும்.